சம்பளம் அரிசி, கடன் காசு: எடோ கால சாமுராய்களின் கதை

[திரையில்: எடோ நகரம், சுமிதா ஆற்றங்கரை, வரிசையாக அரிசிக் கிடங்குகள்]

இடுப்பில் இரண்டு வாள். தெருவில் வந்தால் சாமானியர் ஒதுங்கி வழிவிட வேண்டும். அப்பேர்ப்பட்ட சாமுராய் ஒருவர் அரிசித் தரகர் கடையில் கடன் கேட்டு உட்கார்ந்திருக்கிறார். அடமானம்? இன்னும் கைக்கு வராத சம்பளம்!

1603 முதல் 1868 வரை ஜப்பான், எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஆண்ட தோகுகாவா குடும்பத்து ஷோகன்கள் என்ற ராணுவ ஆட்சியாளர்களின் கையில் இருந்தது. அன்றைய கன்பூசிய அறிஞர்கள் சமூகத்தை நான்கு படிகளாக அடுக்கினார்கள்: சாமுராய், உழவர், கைவினைஞர், கடைசியில் வணிகர். எதையும் விளைவிக்காமல் லாபம் பார்க்கிறவர் என்பதால் வணிகருக்கு அந்த இடம். தோல் வேலை செய்தவர்கள் போன்றோருக்கு அந்த அடுக்கிலேயே இடம் கிடையாது. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்கள். உழவருக்கு இரண்டாம் இடம் என்பதும் பேச்சுக்குத்தான். விளைச்சலில் நாற்பது, ஐம்பது சதவீதம் வரியாகப் போய்விடும்.

[திரையில்: உழவர்களிடமிருந்து வாள்களைப் பறிக்கும் வீரர்கள்]

சரி, மேல்படியில் இருந்தவர் எப்படிக் கடனாளி ஆனார்? 1588-இல், தோகுகாவாக்களுக்கு முன் ஜப்பானை ஆண்ட தோயோதோமி ஹிதேயோஷி உழவர்களிடமிருந்த ஆயுதங்களைப் பறித்தார். இனி வாள் பிடிப்பவர் வேறு, ஏர் பிடிப்பவர் வேறு. சாமுராய்களில் பெரும்பாலோர் நிலத்தை விட்டுக் கோட்டை நகரங்களில் குடியேறி, சம்பளக்காரர் ஆனார்கள். சம்பளம் அரிசியாக வந்தது. அதன் அளவு 'கோகு'. ஒரு கோகு என்பது சுமார் 150 கிலோ, ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி.

அரிசியைக் கொடுத்துத் துணி வாங்க முடியாதே! காசாக்கித் தரத்தான் எடோவின் அசாகுசா கிடங்குகளுக்கு அருகே 'ஃபுதாசாஷி' என்ற தரகர்கள் இருந்தார்கள். சாமுராயின் பெயர் எழுதிய சீட்டை மூங்கில் குச்சியில் செருகி, கிடங்கிலுள்ள வைக்கோல் கட்டின் மேல் குத்தி வைப்பார்கள். முறை வந்ததும் அரிசியை எடுத்து விற்று, கமிஷன் போக மீதியைத் தருவார்கள். அப்புறம் அடுத்த தவணை அரிசியின் மேல் வட்டிக்குக் கடனும் கொடுத்தார்கள். அரிசி விலை இறங்கினால் சம்பளமும் இறங்கும், வட்டி இறங்காது.

1789-இல் ஷோகன் அரசின் தலைமை அமைச்சர் மத்சுதைரா சதனோபு பழைய கடன்களை ஒரே ஆணையில் தள்ளுபடி செய்தார். சாமுராய்களுக்குக் கொண்டாட்டம்தான், அடுத்த கடனுக்குப் போகும்வரை. தரகர்கள் கையை விரித்துவிட்டார்கள். கீழ்நிலை சாமுராய்கள் பலர் வீட்டில் உட்கார்ந்து குடை செய்து விற்றுக் காலம் தள்ளினார்கள்.

[திரையில்: வாளில்லாமல் நடக்கும் முன்னாள் சாமுராய்]

1876-இல், ஷோகன் ஆட்சி முடிந்து பேரரசர் பெயரில் வந்த மெய்ஜி அரசு பரம்பரைச் சம்பளத்தை அடியோடு நிறுத்தி, பதிலுக்கு அரசுப் பத்திரங்களைக் கொடுத்தது. அதே ஆண்டு, வாள் அணிந்து வெளியே வரவும் தடை போட்டது.