பெட் செமட்டரி: கடைசிப் பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கும் மனிதன்

வணக்கம். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி' 1983-ல் வந்த நாவல். அதன் முடிவைப் பற்றித்தான் இந்த வீடியோ. கதை முழுவதையும் சொல்லப்போகிறேன். படிக்க ஆசைப்படுகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

(காட்சி: திருவொற்றியூர். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள்.)

இந்தச் சாலையோரம் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு நாவலின் பாதி பயத்தை விளக்க வேண்டியதில்லை. மெய்ன் மாகாணத்தில் டாக்டர் லூயிஸ் க்ரீட் குடியேறும் வீட்டு வாசலிலும் லாரி ஓடும் சாலை. கிங்கின் குடும்பமே அப்படி ஒரு வீட்டில் இருந்தது. மகளின் பூனை வண்டியில் அடிபட்டுச் செத்தது. கதை அங்கேதான் முளைத்தது.

நாவலிலும் முதலில் பூனை. காட்டுக்குள் இருக்கும் பழைய புதைநிலத்தில் புதைத்தால் திரும்பி வருகிறது, ஆனால் பழைய பூனையாக இல்லை. அப்புறம் குட்டி மகன் கேஜ் லாரியில் சாகிறான். லூயிஸ் கல்லறையைத் தோண்டி அவனையும் அங்கே கொண்டுபோகிறான். திரும்பி வந்த பிள்ளை, எதிர் வீட்டுப் பெரியவரையும் பெற்ற தாய் ரேச்சலையும் கொல்கிறது. லூயிஸே ஊசி போட்டு அதைச் சாகடிக்கிறான். சரி, இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மனைவியின் உடலைத் தூக்கிக்கொண்டு அதே காட்டுக்குள் போகிறான்.

அவன் சொல்லும் காரணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கேஜ் விஷயத்தில் நேரம் கடந்துவிட்டதாம். ரேச்சல் இப்போதுதான் இறந்தாள், இந்தத் தடவை சரியாக வருமாம். கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறோமே, அந்தப் பேச்சுதான் இது. இரண்டு முறை கண்ணெதிரே பார்த்தும் டாக்டரின் மூளை கணக்கை மட்டும் திருத்துகிறது. அவனைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் இப்படித்தான் யோசிப்பான்.

(காட்சி: வியாசர்பாடியில் ஒரு தெரு. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள்.)

நம் பக்கம் சாவு வீட்டில் இரவெல்லாம் ஆள் இருக்கும். கானா பாடுவார்கள், டீ வந்துகொண்டே இருக்கும், பறிகொடுத்தவரைத் தனியாக விடமாட்டார்கள். லூயிஸோ மனைவியையும் மகள் எல்லியையும் சிகாகோவுக்கு விமானம் ஏற்றிவிட்டுத்தான் மகனின் கல்லறையைத் தோண்டப் போகிறான். தனியாக இருக்க அவனே ஏற்பாடு செய்துகொள்கிறான். அன்றிரவு பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அவன் கடப்பாரையைத் தொட்டிருக்கமாட்டான் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடைசிக் காட்சியில், ரேச்சலைப் புதைத்துவிட்டு வந்த லூயிஸ் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருக்கிறான். பின்னாலிருந்து சில்லென்ற கை தோளில் விழுகிறது. மண் அடைத்த குரல் 'டார்லிங்' என்கிறது. நாவல் முடிந்துவிடுகிறது.

ரேச்சல் அவனைக் கொன்றாளா என்று சொல்லாமல் விட்டது சிலருக்குக் குறையாகப் படலாம். எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. எல்லி சிகாகோவில் தாத்தா பாட்டியிடம் உயிரோடு இருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் இனி காப்பாற்ற வேண்டியது அவளைத்தான். லூயிஸ் காத்திருந்தது அவளுக்காக இல்லை.