ஸ்லக் என்றொரு ஈயத்துண்டு

(செய்தித்தாள் துறையின் தொழில்நுட்ப விருதுகள் பற்றி இதழியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

அழைக்க வந்தவர்கள் தலைப்பைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'செய்தித்தாள் துறையில் தொழில்நுட்பப் புதுமைக்கும் தலைமைக்கும் தரப்படும் விருதுகள்.' நான் வேலை பார்த்த காலமெல்லாம் விருது வாங்கியவர்கள் முன்வாசல் வழியாக வந்து போனவர்கள். எங்களுக்குப் பின்வாசல், மை வாசனை அடிக்கிற பக்கம். ஆனால் பொன்னாடையைப் போர்த்திவிட்டீர்கள், இனிப் பேசாமல் இறங்க முடியாது.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஸ்லக். இணையதளம் செய்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு செய்தியின் இணைய முகவரியில் கடைசியாக, தலைப்பைச் சுருக்கி, நடுநடுவே சிறுகோடு போட்டு ஒரு துண்டு வருமே, அதற்குத்தான் அந்தப் பெயர். அதை நான் முதலில் கேட்டது கணினியில் இல்லை. அச்சுக்கூடத்தில் ஸ்லக் என்றால் ஈயக்கட்டி. ஒரு வரி முழுவதும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது, கையில் எடுத்தால் கனக்கும்.

அந்த ஈயக்கட்டி பிறந்த நாள் 1886 ஜூலை 3. இடம் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகை அலுவலகம். ஆட்மர் மெர்கன்தாலர் ஜெர்மனியில் கடிகார வேலை பழகிவிட்டு அமெரிக்கா போனவர். அதுவரை ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்கியதை, விசைப்பலகையில் தட்டினால் வரி வரியாக ஈயத்தில் வார்த்துத் தரும்படி ஓர் இயந்திரம் செய்தார். அந்தப் பத்திரிகையை நடத்திய ஒயிட்லா ரீட் அதைப் பார்த்து, 'அட, ஒரு வரி அச்சு' என்ற பொருளில் வியந்தார், அதுவே லைனோடைப் என்று பெயராகிவிட்டது என்பார்கள். அதற்கு முன் நாளிதழ்கள் எட்டுப் பக்கத்தைத் தாண்டுவதே அரிது. கைதான் எல்லை. எழுத்தைக் கோக்கிற கம்பாசிட்டர்கள் எத்தனை பேர் இருந்தாலும் இரவு ஒன்றுதானே!

மெர்கன்தாலருக்கு விருது கிடைத்ததா? கிடைத்தது. பிலடெல்பியாவின் பிராங்ளின் இன்ஸ்டிடியூட் பதக்கம் கொடுத்தது. ஆனால் இதைக் கவனியுங்கள்: அது பத்திரிகைத் துறை கொடுத்த பதக்கம் இல்லை, பொறியியலையும் அறிவியலையும் போற்றும் நிறுவனம் கொடுத்தது. பத்திரிகை முதலாளிகளோடு அவருக்குக் கிடைத்தது சண்டைதான். ரீடோடு ஒத்துப்போகாமல் 1888இல் கம்பெனியைவிட்டு விலகினார். 1899இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 45.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 1935இல் பெரியார் தன் 'குடிஅரசு' இதழில் தமிழ் எழுத்துகளைச் சீர்திருத்திப் போட ஆரம்பித்தார். பழைய புத்தகங்களில் ணா, றா, னா எல்லாம் சுழித்துக்கொண்டு ஒரே எழுத்தாக இருக்கும். லை, ளைக்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். அந்த வகையில் 13 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் தனிக் குழி, தனி ஈய அச்சு. அவற்றை எடுத்துவிட்டு, ஏற்கெனவே இருக்கிற காலையும் சங்கிலிக் கொம்பையும் வைத்தே சமாளிக்கலாம் என்றார். அதை நாம் மொழிச் சீர்திருத்தம் என்று படிக்கிறோம். அச்சுக்கோப்பவர் கண்ணில் அது தொழில்நுட்பச் சீர்திருத்தம். தமிழக அரசு அதை ஏற்று ஆணை போட்டது 1978 அக்டோபரில். அவர் மறைந்து கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஆகியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1978 ஜூலையில்தான் நியூயார்க் டைம்ஸ் தன் லைனோடைப் இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கணினிக்கு மாறியது. ஈய அச்சுக்காகச் செய்த காரியத்துக்கு அங்கீகாரம் வந்து சேர்ந்தபோது, உலகத்தில் ஈயமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது!

சரி, இணையத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஓர் ஊர். அந்தக் காலத்தில் சுமார் 80 ஆயிரம் பேர் இருந்த கல்லூரி ஊர். அங்கே ஒரு குடும்பம் தலைமுறையாக நடத்திவந்த நாளிதழ் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட். விற்பனை சுமார் 20 ஆயிரம் பிரதி. நம்மூர்க் கணக்கில் ஒரு மாவட்டப் பதிப்புகூட இல்லை. ஆனால் 2000க்குப் பிறகு சில வருடங்கள், செய்தித்தாள் இணையதளங்களுக்கான விருது எங்கே கொடுத்தாலும் இவர்கள் பெயர் வந்துகொண்டிருந்தது. ராப் கர்லி என்பவர் இணையப் பிரிவுக்குத் தலைவர். ஊர்ச் சிறுவர்கள் ஆடுகிற பேஸ்பால் ஆட்டத்துக்கு, பெரிய தொழில்முறை அணிக்குச் செய்கிற மாதிரி பக்கம் போட்டார்கள். பையனுக்குத் தனிப் படம், புள்ளிவிவரம், எல்லாம். மழை பெய்து மைதானம் நனைந்துவிட்டால் பெற்றோரின் கைப்பேசிக்குச் செய்தி போகும். பார்க்கிற நடுவர் யாராக இருந்தாலும் மனம் இளகும். விருது கொடுத்தது நியாயம்தான்.

அந்தப் பக்கங்களுக்குக் கீழே என்ன ஓடியது என்பதுதான் என் கதை. அங்கே ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்று இரண்டு இளைஞர்கள் நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். வில்லிசன் இங்கிலாந்திலிருந்து ஒரு வருடப் பயிற்சிக்காக வந்தவர். மென்பொருள் கம்பெனியில் 'மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம்' என்று சொல்லலாம். பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் காலையில் கேட்பார், சாயங்காலம் வேண்டும் என்பார். தேர்தல் முடிவைத் தள்ளிப்போட முடியுமா? அந்த அவசரத்தில் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எழுத முடியாதென்று, திரும்பத் திரும்ப வருகிற வேலைகளையெல்லாம் பிரித்தெடுத்து, 2003இல் பைத்தான் என்ற கணினி மொழியில், இணையதளம் கட்டுவதற்குத் தங்களுக்கென்று ஒரு கருவிப் பெட்டி செய்துகொண்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2005 ஜூலையில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதை இலவசமாக வெளியிட்டார்கள். இதற்குப் பத்திரிகை முதலாளி சம்மதித்தார் பாருங்கள், 'தலைமை' என்று விருதுப் பட்டியலில் எழுதுகிறார்களே, என்னைக் கேட்டால் அந்தச் சம்மதத்தைத்தான் அப்படிச் சொல்வேன்.

இந்த அரங்கில் ஜாங்கோ என்ற பெயரைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள். பாதிப் பேர் இருக்கிறீர்கள். அது ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தது என்று தெரிந்தவர்கள்? இரண்டு கைதான் தெரிகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கட்டடத்தில் இந்த நிமிடம் யாராவது அதில் வேலை செய்துகொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் தெரியாது. இன்ஸ்டாகிராம் அதில்தான் எழுந்தது. ஆனால் பிறந்த வீட்டு அடையாளம் போகவில்லை. அதன் அறிமுகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், முதல் எடுத்துக்காட்டே 'நிருபர்', 'கட்டுரை' என்ற இரண்டு அட்டவணைகள்தான். கொஞ்சம் உள்ளே போனால், முகவரித் துண்டை வைப்பதற்கென்று ஒரு களம் இருக்கும். அதன் பெயர் ஸ்லக். மெர்கன்தாலரின் ஈயக்கட்டி முதலில் செய்தியறையில் ஒவ்வொரு செய்திக்கும் வைக்கிற குறும்பெயரானது. அப்புறம் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஹோலோவாட்டிக்கும் விருது வந்தது. அவர் சொந்த முயற்சியாக, சிகாகோ போலீஸ் வெளியிடும் குற்றப் பதிவுகளை எடுத்து கூகுள் வரைபடத்தின் மேல் பரப்பிக் காட்டினார். உங்கள் தெருவில் என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். 2005இல் இதழியல் புதுமைக்கான பேட்டன் விருதுகளில் முதல் பரிசு அதற்குத்தான். 2007இல் நைட் அறக்கட்டளை 11 லட்சம் டாலர் கொடுத்து, இதையே பல நகரங்களுக்குச் செய்யச் சொன்னது. எவ்ரிபிளாக் என்று ஆரம்பித்தார். 2009இல் எம்எஸ்என்பிசி.காம் அதை வாங்கியது, 2013இல் அது மூடப்பட்டது. லாரன்ஸ் நாளிதழையும் அந்தக் குடும்பம் 2016இல் விற்றுவிட்டது. பரிசு வாங்கியவை இப்படிப் போக, கருவிப் பெட்டி மட்டும் இன்னும் ஓடுகிறது.

இதில் இன்னொரு கிளையும் உண்டு. புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் பத்திரிகையில் மேட் வெயிட் என்ற நிருபர் ஜாங்கோவைக் கற்றுக்கொண்டு, பாலிட்டிஃபாக்ட் என்ற தளத்தைக் கட்டினார். அரசியல்வாதி சொன்னது உண்மையா பொய்யா என்று அளந்து காட்டுகிற தளம், 2007இல் வந்தது. 2009இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. எந்தப் பிரிவில்? தேசியச் செய்தி அளிப்பு. தொழில்நுட்பம் என்று புலிட்சரில் ஒரு பிரிவே கிடையாது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிரலும் செய்தி அளிப்புதான் என்று நடுவர்கள் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். நிரல் எழுதுகிறவரைச் செய்தியறையில் 'கம்ப்யூட்டர் பையன்' என்று கூப்பிட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மனிதர்கள் பார்த்துக் கொடுக்கிற விருதுகள். கருவி வைத்து அளக்கிற விருதும் ஒன்று உண்டு. எங்கள் பின்வாசல் ஆட்களுக்கு அதன் மேல்தான் மரியாதை.

அதன் பெயரைச் சர்வதேசச் செய்தித்தாள் வண்ணத் தரக் கழகம் என்று தமிழில் சொல்லலாம். ஜெர்மனியில் இருந்த இஃப்ரா என்ற செய்தித்தாள் தொழில்நுட்ப அமைப்பு 1994இல் அதைத் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நடத்தினார்கள். 2009இல் உலகச் செய்தித்தாள் சங்கத்தோடு இணைந்து வான்-இஃப்ரா ஆனார்கள். தெற்காசிய அலுவலகம் நம் சென்னையில்தான். குறிப்பிட்ட நாள்களில் அவர்கள் தருகிற கட்டம் ஒன்றை உங்கள் நாளிதழின் வழக்கமான பக்கத்திலேயே அச்சடித்து அனுப்ப வேண்டும். கனசதுரம் மாதிரி சின்ன வண்ணக் கட்டம். வாசகர் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் புரட்டிவிடுவார். அங்கே அதன் ஒவ்வொரு சதுரத்தையும் நிறமானி வைத்து அளப்பார்கள்.

அது ஏன் கஷ்டம் என்று சொல்கிறேன். செய்தித்தாள் காகிதம் மட்டமான காகிதம், உறிஞ்சுகிற காகிதம். சூடு வைத்து உலர்த்துவதும் கிடையாது, மை காகிதத்துக்குள் இறங்கித்தான் காய வேண்டும். அச்சில் படம் என்பது சின்னச் சின்ன மைப்புள்ளிகள்தானே, அதனால் அந்தப் புள்ளி வீங்கும். பிளேட்டில் பாதியளவு நிரம்பிய புள்ளி, தாளில் விழும்போது 76 சதவீதம்வரை பரவும் என்று உலகத் தரநிலையே கணக்கு வைத்திருக்கிறது. அந்த வீக்கத்தை முன்கூட்டியே கழித்துவிட்டுப் படத்தைத் தயார் செய்ய வேண்டும். சயான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற சிவப்பு, மஞ்சள் மூன்றும் சேர்ந்து ஒரு சாம்பல் கட்டம் வரும். அதில் மெஜந்தா துளி ஏறினால் சாம்பல் சிவக்கும். மணிக்கு 60, 70 ஆயிரம் பிரதி ஓடுகிற இயந்திரத்தில், நடுராத்திரி ஒரு மணிக்கு, அந்தச் சாம்பலைச் சாம்பலாகவே வைத்திருக்க வேண்டும். மலையாள மனோரமா போன்ற இந்திய நாளிதழ்கள் இதில் தேறியவர்களின் பட்டியலில் திரும்பத் திரும்ப இடம்பிடித்தன. நம் துறையில் ஒரு விருதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது உண்டென்றால் அது இதுதான்.

நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு தடவை அச்சுத் தரத்துக்காக ஒரு விருது வந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். எங்கள் மெஷின்மேன் அண்ணன் அந்த மூன்று மாதமும் வார விடுமுறைகூட எடுக்கவில்லை. ரோலரைத் தானே துடைப்பார், ஓடுகிற தாளை உருவி எடுத்து, லூப் என்கிற சின்ன உருப்பெருக்கியை வைத்து, வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பார், அதைத்தான் ரிஜிஸ்டர் என்போம், மைச்சாவியைக் கால் திருகு திருகுவார். விருது விழாவுக்குப் போனவர்கள் வேறு. திரும்பி வந்ததும் வரவேற்பறையில் பெரிய வாழ்த்துப் பலகை வைத்தார்கள். விருது வாங்கியவர்கள் வரிசையாக நிற்கும் வண்ணப்படம், வெளியே கொடுத்து அச்சடித்தது. அண்ணன் பின்வாசல் வழியாக வருகிறவர், அதைப் பார்க்கவே இல்லை. பத்து நாள் கழித்துச் சம்பள விஷயமாக முன்பக்கம் வர வேண்டியிருந்தது. நானும் கூட இருந்தேன்.

பலகை முன்னால் நின்றார். யார் யார் படத்தில் இருக்கிறார்கள் என்று பார்ப்பதாக நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து லூப்பை எடுத்தார். படத்தின் ஓரத்தில் ஒட்டிவைத்துக் குனிந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ரிஜிஸ்டர் விலகியிருக்கு தம்பி. மெஜந்தா. நீயே பாரு" என்று லூப்பை என்னிடம் கொடுத்தார்.

பார்த்தேன். விலகித்தான் இருந்தது.