ஓடுகிற நிரலைச் சோதனைக் கருவி ஏன் மறுக்கிறது?

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரியும் பைத்தான் கோப்பைப் பாருங்கள். இயக்கினால் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. ஆனால் கமிட் செய்ய, அதாவது மாற்றங்களைக் கிட்டில் பதியப் போனதும், நிரலை ஓட்டாமலேயே பிழை தேடும் ஃப்ளேக்8 என்ற கருவி குறுக்கிட்டு, மேட்ச் என்று தொடங்கும் 14ஆம் வரியைக் காட்டி ‘இ999 சின்டாக்ஸ்எரர்’, அதாவது இலக்கணப் பிழை என்கிறது. விட்டுப்போன முக்காற்புள்ளியோ அடைப்புக்குறியோ இருக்குமென்று அந்த வரியையே நெடுநேரம் துருவிக்கொண்டிருந்தேன். அதில் பிழையே இல்லை.

ஃப்ளேக்8 தனக்கென்று ஒரு பார்சரை, அதாவது நிரலின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பகுதியை, வைத்துக்கொள்வதில்லை. தான் எந்தப் பைத்தானில் ஓடுகிறதோ, நிரலை மரவடிவில் பிரித்துத் தரும் அதன் ஏஎஸ்டி மாட்யூலிடமே கோப்பைப் படிக்கக் கொடுக்கிறது. ஒரு மதிப்பைப் பல வடிவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மேட்ச், 2021 அக்டோபரில் வெளியான 3.10 பதிப்பில்தான் மொழிக்குள் வந்தது. ஆகவே நம் நிரல் 3.12இல் ஓடினாலும், கருவி 3.9இல் ஓடினால் அதற்கு அந்த வரி புரியாது.

‘ஃப்ளேக்8 --வெர்ஷன்’ என்று கேட்டால், வரும் விடையின் கடைசியில் அது ஓடும் பைத்தானின் பதிப்பும் இருக்கும். டெர்மினலில் கேட்டபோது எனக்கு 3.12 என்றே வந்தது, அங்குதான் ஏமாந்தேன். கமிட்டுக்கு முன் இந்தக் கருவிகளை ஓட்டும் ப்ரீ-கமிட், ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சூழல் ஒன்றை அமைத்துக்கொள்கிறது, அந்தச் சூழல் கணினியில் கிடந்த பழைய 3.9இல் உருவாகியிருந்தது. எனவே பிழை எங்கே வருகிறதோ, அங்கேயே பதிப்பைக் கேளுங்கள்.

நிரலின் வடிவத்தைச் சீராக்கும் ப்ளாக் என்ற கருவி சற்று வேறுபட்டது. அதற்குச் சொந்தப் பார்சர் உண்டு என்பதால் பழைய பைத்தானில் இருந்தும் மேட்சைப் படித்துவிடும். ஆனால் வடிவமைத்த பிறகு பொருள் மாறவில்லை என்று உறுதிசெய்ய, ஓடும் பைத்தானின் ஏஎஸ்டியையே நாடுவதால், அந்த இடத்தில் நின்றுவிடும். ‘--ஃபாஸ்ட்’ கொடுத்தால் நிற்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது பாதுகாப்புச் சோதனையையே தூக்கிவிடுகிறது. இதே சிக்கல் ஜாவாஸ்கிரிப்ட்டின் சோதனைக் கருவியான ஈஎஸ்லின்ட்டில் வந்தால், பழைய கட்டமைப்புக் கோப்பென்றால், மொழிப் பதிப்பைக் குறிக்கும் ‘எக்மாவெர்ஷன்’ மதிப்பை முதலில் பாருங்கள். ஆப்ஷனல் செய்னிங் எனப்படும் ‘?.’ குறியீட்டுக்கு அது 2020 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

கோப்பைச் சோதனையிலிருந்து விலக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் பார்ஸ் ஆகாத கோப்பில், ஃப்ளேக்8 உள்ளே பயன்படுத்தும் பைஃப்ளேக்ஸ் எதையுமே சோதிப்பதில்லை. விலக்கினால் அந்தக் குருட்டுத்தன்மை நிரந்தரமாகிவிடும். நான் ப்ரீ-கமிட் கட்டமைப்பில் மொழிப் பதிப்பை 3.12 என்று எழுதிவிட்டேன்.

இப்போது மீண்டும் ஓட்டுகிறேன், பாருங்கள். இ999 போய்விட்டது. அதன் இடத்தில் 3ஆம் வரியில் எஃப்401, இம்போர்ட் செய்துவிட்டு எங்கும் பயன்படுத்தாத மாட்யூல் ஒன்று, இத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டுக் கமிட் செய்கிறேன்.