தொட்டி சொல்வதை மோட்டார் கேட்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் மதுரைப் பக்கம் வானொலிப் பெட்டியை விட்டு நகராத பெரியவர்கள் உண்டு. "வைகை அணை நீர்மட்டம், இன்று காலை 6 மணி நிலவரப்படி" என்று ஆரம்பித்தாலே வீட்டில் பேச்சு அடங்கிவிடும். அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையில் அளப்பது ஒரு தடவைதான். அந்த ஒரே எண்ணைக் கேட்டு ஆற்றங்கரையில் குடியிருப்பவர் சாமான்களை மேட்டுக்கு ஏற்றுகிறார். மேலூர்ப் பக்கத்து விவசாயி விதைநெல்லை ஊறப்போடலாமா என்று கணக்குப் பார்க்கிறார். யார் யார் கேட்கிறார்கள் என்று அணைக்குத் தெரிய வேண்டியதில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் சென்சார்கள் பேசிக்கொள்வதும் இதே முறையில்தான். தரைத்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு சென்சார் அளக்கிறது. பதியன்கள் இருக்கும் நிழல்வலைக்குள் இன்னொன்று வெப்பம் பார்க்கிறது. வீட்டில் தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை கணினி. சென்சார்கள் எல்லாம் எண்களை அதனிடம் சொல்லும்; வேண்டியவர்கள் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். இந்த முறைக்கு எம்க்யூடிடி என்று பெயர். பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களின் அளவுகளைச் செயற்கைக்கோள் வழியாகச் சிக்கனமாக அனுப்புவதற்காக, 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் உருவாக்கியது. இன்று சென்சாரோடு இணைக்கும் இஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை பலகையிலும் சுலபமாக ஓடுகிறது.

இதற்கு இன்டர்நெட் வேண்டாம், வீட்டு வைஃபை போதும். ஒரு பலத்த காற்றடித்தால் எங்கள் ஊரில் முதலில் போவது இன்டர்நெட்தான். நூற்றைம்பது அடி தள்ளியிருக்கும் தொட்டியும் மோட்டாரும் பேசிக்கொள்ள, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் கணினியின் தயவு எதற்கு? கடவுச்சொல் மட்டும் கட்டாயம் போடுங்கள். மோட்டாரை ஓட்டும் உத்தரவும் அந்த வழியாகத்தான் போகிறது.

அளவுகளைப் பகிர்வதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றைக் காட்டுவேன். தொட்டி சென்சார் ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது. ஆனால் காற்று சூடாக ஆக, ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் 355. தண்ணீர் இரண்டு மீட்டர் கீழே இருந்தால், அக்னி நட்சத்திர மதியத்தில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் பிசகும். அதுவும் எந்தப் பக்கம்? தண்ணீர் இருப்பதைவிட நாலு விரற்கடை அதிகமாகக் காட்டும். இப்போது தொட்டி சென்சார் நிழல்வலையின் வெப்பத்தைக் கேட்டு, தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே சூடு இருக்காதுதான். ஆனாலும் பிழையில் பெரும்பகுதி போய்விடுகிறது. பதியனுக்காக மாட்டியது தொட்டிக்கும் உதவுகிறது.

ஆனால் கேட்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த வெப்ப சென்சார், டிஎஸ்18பி20 என்ற வகை, கரண்ட் விட்டு வந்ததும் அளந்து முடிக்கும் முன்பே கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். அதை அப்படியே நம்பினால் தொட்டிக் கணக்கும் கெட்டுவிடும். அதனால் 85 வந்தால் தள்ளிவிடு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய பாடம் ஒரு கோடை இரவில் கிடைத்தது. நடுராத்திரியில் தொட்டி சென்சாருக்கு வரும் வயர் விட்டுப்போய்விட்டது. வீட்டுக் கணினியோ கடைசியாக வந்த எண்ணைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்ட போதெல்லாம் அதையே சொல்லியிருக்கிறது. சொட்டுநீர் மோட்டார் அதை நம்பி ஓடியிருக்கிறது. விடிகாலையில் மோட்டார் ரூமுக்குப் போனால் கருகிய வாடை. பம்ப்பைத் தொட முடியவில்லை. தொட்டி காய்ந்து கிடக்கிறது, சுவரில் இருந்த திரையில் மட்டும் "அரைத்தொட்டி" என்று பச்சை எழுத்து. சீல் மாற்றி, பம்ப்பை மறுபடி பூட்ட மூன்று நாள் ஆனது. அதுவரை மல்லிகைச் செடிகளுக்குக் குடத்தில்தான் தண்ணீர். அம்மாவும் அத்தையும் சுமந்தார்கள்.

அப்போதுதான் அந்த வானொலி அறிவிப்பு எனக்கு உறைத்தது. "காலை 6 மணி நிலவரப்படி" என்று சொல்லாமல் அவர்கள் எண்ணைச் சொல்வதே இல்லை. இப்போது எங்கள் தொட்டியும் அப்படித்தான்: என்ன அளவு, என்ன அலகு, எத்தனை மணிக்கு அளந்தது, மூன்றும் சேர்ந்தே போகும். பத்து நிமிடத்துக்கு முந்தைய அளவு என்றால் மோட்டார் நின்றுவிடும். நேரம் தவறாமல் இருக்க, ராஸ்பெர்ரி பையில் பட்டன் பேட்டரியில் ஓடும் ஒரு கடிகாரச் சில்லையும் சேர்த்தேன். அப்புறம், எம்க்யூடிடியில் உயில் என்று ஒரு வசதி இருக்கிறது. சென்சார் இணையும்போதே, "நான் பேச்சில்லாமல் போனால் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடு" என்று எழுதிக் கொடுத்துவிடும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பேசுவேன் என்றும் அப்போதே சொல்லிவிடும். அந்த இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் அதனிடமிருந்து சத்தமே இல்லையென்றால், கணினி அந்த உயிலைப் படித்துவிடும். மோட்டார் அதையும் கேட்டு நின்றுகொள்ளும்.

நேற்று மதியம் திரையில் "தொட்டி 112 சென்டிமீட்டர், 1.40 மணிக்கு அளந்தது" என்று இருந்தது. போய், மூங்கில் கம்பை விட்டுப் பார்த்தேன். ஈரம் 111-ல் நின்றது.

வணக்கம்.