உன் மகன் எங்கே?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்று சிவன் கோயிலிலும் சொல்கிறோம், மாதா கோயிலிலும் சொல்கிறோம், பள்ளிவாசலிலும் சொல்கிறோம். சரி, எல்லாம் தெரிந்தவர் எதற்கு இத்தனை கேள்வி கேட்கிறார்? ஏதேன் தோட்டத்தில் ஒளிந்துகொண்ட ஆதாமிடம் "நீ எங்கே இருக்கிறாய்" என்கிறார். சோதோம் நகரத்தைப் பற்றி வந்த முறையீடு உண்மையா என்று இறங்கிப்போய்ப் பார்க்கிறேன் என்கிறார். அதே விவிலியத்தில் 139ஆம் சங்கீதமோ, என் நாவில் சொல் பிறக்கும் முன்பே அதை நீர் அறிந்திருக்கிறீர் என்று பாடுகிறது.

நான் பல வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன். பெரியபுராணம் நடத்தினால் பிள்ளைகள் இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள். அதிலும் சிறுத்தொண்டர் கதையில்.

திருமருகலுக்குப் பக்கத்தில் திருச்செங்காட்டங்குடி. நாகப்பட்டினம் பக்கத்து நேயர்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. சித்திரைப் பரணியில் அமுது படையலுக்குப் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சிறுத்தொண்டர் என்று பெயர் பெற்ற அந்த ஊர்ப் பரஞ்சோதியார் பல்லவர் படையோடு வாதாபி வரை போய் வென்றவர். ஊர் திரும்பியபின், ஓர் அடியாருக்குச் சோறு போடாமல் தான் சாப்பிடுவதில்லை என்று வாழ்ந்தார். வடக்கேயிருந்து வந்த பைரவ அடியார் ஒருவர் அவரிடம் பிள்ளைக்கறி விருந்து கேட்டார். வீட்டுக்கு ஒரே மகன், ஐந்து வயசு, தாய் பிடித்துக்கொள்ளத் தந்தை அரிய வேண்டும், இரண்டு பேரும் மனம் உவந்து செய்ய வேண்டும்.

சமைத்தார்கள். இலை போட்டாயிற்று. அப்போது அடியார் சொல்கிறார், உன் மகனைக் கூப்பிடு, அவன் வந்தால்தான் சாப்பிடுவேன் என்று. வகுப்பில் இந்த இடம் வந்தால் என் குரல் நின்றுவிடும். அவன் இப்போது உதவமாட்டான் என்கிறார் தகப்பனார். வேறு என்ன சொல்வார்? அடியார் விடவில்லை, வெளியே போய்க் கூப்பிடு என்கிறார். இருவரும் வாசலுக்கு வந்து சீராளா, சீராளா என்று கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிற பிள்ளை மாதிரி அவன் ஓடி வருகிறான். தூக்கிக்கொண்டு உள்ளே போனால் அடியாரையும் காணோம், கறியையும் காணோம்.

பிள்ளை எங்கே என்று கேட்டவருக்குத் தெரியாதா? சோதனை செய்தார் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அந்தப் பதிலில் மனம் ஒப்பவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இதைப் பாடிய சேக்கிழார், இறைவன் ஏன் அடியாராக வந்தார் என்பதைக் கதைக்குள் நுழையும்போதே சொல்லிவிடுகிறார். அந்தத் தொண்டரின் மெய்யன்பை நுகர வந்தாராம். அன்பு இருப்பது தெரிந்ததனால்தான் வந்தார்.

தெரிந்ததை எதற்கு நுகர வேண்டும்? ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று வானொலியில் கேட்கிறோம். அப்புறம் கல்லணை தாண்டி நம்ம வாய்க்காலுக்கு அது வந்து, இறங்கிக் காலை வைக்கிறோமே, அன்றைக்குத் தெரிவது வேறு. முதலில் கேட்டது பொய்யும் இல்லை, அரைகுறையும் இல்லை.

மோரியா மலையில் கடவுள் சொன்னபடி மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் கத்தியை ஓங்கியபோது வந்த குரல், "இப்பொழுது அறிந்திருக்கிறேன்" என்றது. அதையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் தமிழில் அச்சானது. அதிலிருந்து பெரியபுராணமும் வேதாகமமும் இந்தக் கரையில் அக்கம்பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. இந்த இரண்டு தகப்பன்மாரையும் சேர்த்து வைத்து யோசிக்க நமக்கு இருக்கிற வசதி எல்லா ஊருக்கும் கிடைக்காது.

இதில் என் மனசை அறுக்கிற விஷயம் ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கடவுள் உங்களைச் சோதிக்கிறார் என்று சொல்லாதீர்கள். சிறுத்தொண்டரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், சொல்லாதீர்கள். சீராளன் திரும்பி வந்தான், ஈசாக்கு வீடு திரும்பினான். அந்த வீட்டுப் பிள்ளை வரப்போவதில்லை. பக்கத்தில் இருந்துவிட்டு வந்தால் போதும்.

அன்பை நுகர்ந்தார் என்று எல்லா இடத்தையும் சமாளிக்கவும் முடியாது. முதலாம் சாமுவேல் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சவுலை அரசனாக்கியதற்கு மனம் வருந்துகிறேன் என்று 11ஆம் வசனத்தில் கடவுள் சொல்கிறார். மனம் மாற அவர் மனிதனல்ல என்று 29ஆம் வசனம். திரும்பவும் 35இல் வருந்தினார் என்று இருக்கிறது. நடப்பது முன்பே தெரிந்தவருக்கு வருத்தம் எப்படி வரும்? எழுதி வைத்தவர்களுக்கு இது கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பயபக்தி எனக்குப் பிடித்திருக்கிறது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஒரு இலை உதிர்ந்தாலும் இறைவன் அறிவான் என்று ஆறாம் அத்தியாயத்தில் சொல்லும் குர்ஆன், இரண்டாம் அத்தியாயத்தில், தொழுகைத் திசை மாறியதே யார் பின்பற்றுகிறார் என்று அறியத்தான் என்கிறது. நாகூர்ப் பெரியவர்களிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை விரித்துச் சொல்ல இப்போது முடியாது. கடைசியாகப் பேச வைத்திருந்தது மாற்கு 13ஆம் அதிகாரம். அந்த நாள் எது என்று பிதாவுக்குத்தான் தெரியும், மகனுக்கும் தெரியாது என்று அங்கே இயேசுவே சொல்கிறார். 32ஆம் வசனம். வீட்டில் விவிலியம் இருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள், இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேளுங்கள். வணக்கம்.