எலும்பு மாத்திரையும் இதய வால்வும்

வணக்கம் நேயர்களே.

"டாக்டர் எழுதின மாத்திரையெல்லாம் சொல்லிட்டேன், மத்ததெல்லாம் வெறும் சத்து மாத்திரைதான்." மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் தினமும் காதில் விழுகிற பேச்சு இது. இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அந்த 'வெறும்' என்ற சொல்லில்தான் ஆபத்து.

உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்களை எடுத்துக்கொள்வோம். வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க, ஆயுள் முழுக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுகிறார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் சில புரதங்களை நம் கல்லீரல் வைட்டமின் கே-யின் துணையோடுதான் செய்கிறது. இந்த மருந்து அதற்குக் குறுக்கே நிற்கிறது. எந்த அளவுக்குத் தடுத்திருக்கிறது என்பதைச் சொல்வது ஐ.என்.ஆர். பரிசோதனை. மருந்து சாப்பிடாதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். மைட்ரல் இடத்தில், அதாவது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே, உலோக வால்வு உள்ளவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

அவருக்கு முழங்கால் வலிக்கிறது. கடையில் கால்சியம் மாத்திரை வாங்குகிறார். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: கால்சியம், வைட்டமின் டி3, அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'வைட்டமின் கே2-7'. சில அட்டைகளில் 'மெனாகுவினோன்-7' என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். இது உடம்பில் நாள்கணக்கில் தங்கும். தினம் ஒன்று விழுங்கினால் ஐ.என்.ஆர். சத்தமில்லாமல் இறங்கக்கூடும். வலி இருக்காது, எந்த அறிகுறியும் இருக்காது. வால்வில் ரத்தக்கட்டி படிந்த பிறகுதான் மூச்சு வாங்கும். ராத்திரி அமைதியில் நெஞ்சுக்குள் கேட்கும் உலோக வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்கிப்போகும். அது மங்கினால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஐ.என்.ஆர். இறங்குகிறதே என்று மருத்துவர் அசிட்ரோம் அளவைக் கூட்டியிருப்பார். எலும்பு மாத்திரை தீர்ந்துபோய் நிறுத்தினால், கூட்டிய அளவு மட்டும் மிஞ்சும். பல் ஈறில் ரத்தம், தார் போல் கறுத்த மலம் என்று தொடங்கி மூளையில் கசிவு வரைக்கும் போகலாம். ஆகவே எந்தச் சத்து மாத்திரையையும் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பாருங்கள்.

கீரையிலும் வைட்டமின் கே உண்டு. ஆனால் இதைக் கேட்டுவிட்டுக் கீரையை ஒதுக்கிவிடாதீர்கள். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிடுகிறவர் அதையே தொடரட்டும். திடீரென்று நிறுத்துவதும், முருங்கைப்பொடி கேப்ஸ்யூலை அதற்கு மேல் சேர்ப்பதும்தான் கணக்கைக் கெடுக்கும். குழம்பு மஞ்சளும் ரசத்துப் பூண்டும் அப்படித்தான், பயமில்லை. அவற்றின் சாரத்தைச் செறிவாக அடைத்த கேப்ஸ்யூல் வேறு. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கும் அது ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

அடுத்தது உப்பு. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டில், குறைத்த சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு அது நல்ல உப்புதான். ஆனால் ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் ஆகியவை பொட்டாசியத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கும் ரத்த அழுத்த, இதய மருந்துகள். சர்க்கரை நோயால் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 6-ஐத் தாண்டலாம். இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். பலருக்கு முன்னறிவிப்பே இருக்காது. (இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.)

அதிமதுரம் இதற்கு நேர் எதிர். இருமலுக்கு ஒரு நாள் மென்றால் ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் பொடியாகவோ கஷாயமாகவோ சாப்பிட்டால், அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். கூடவே சிறுநீரைக் கூட்டும் லாசிக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் பொட்டாசியம் இன்னும் வேகமாக இறங்கும். பொட்டாசியம் குறைந்தவருக்கு டிகாக்சின் என்ற இதய மருந்து வழக்கமான அளவிலேயே நஞ்சாகிவிடலாம். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் சாயல், நாடி மெதுவாகத் துடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள்.

முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு நமக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம். பல மாத்திரைகளில் 10 மில்லிகிராம், அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையைச் சில கருவிகளில் இது பொய்யாகக் குறைத்துக் காட்டும். நெஞ்சுவலி என்று போகும்போது, பயோட்டின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகையில் ஒரு துணிப்பையில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துச் செல்லுங்கள்: மாத்திரை அட்டைகள், பவுடர் டப்பா, சூரணம், சமையலறை உப்பு பாக்கெட். டப்பாவைத் தூக்க முடியாவிட்டால் பின்பக்க லேபிளைப் படம் எடுத்தால் போதும். மருத்துவர் எழுதிய இதய மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சத்து மாத்திரையாலோ மருந்தாலோ பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மாத்திரையின் பெயர், தொடங்கிய தேதி, கூடச் சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வணக்கம்.