சேற்றங்கரையில் மூன்று மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். பறவை பார்க்கப் போய்த் திரும்பினால், எத்தனை வகை பார்த்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். போன இளவேனிலில் சதுப்புநிலக் காப்பகம் ஒன்றில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பதினொன்று என்றேன். கேட்டவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது.

விடியும் முன்பே மறைப்புக் குடிலுக்குள் போய்விட வேண்டும். பலகைச் சுவர், கண் மட்டத்தில் நீளமான ஒரு திறப்பு, அவ்வளவுதான். இருட்டில் காதுக்குத்தான் வேலை. கோரைக்குள்ளிருந்து குதிரைக்குட்டி கனைப்பதுபோல் ஒரு குரல் நடுங்கிக்கொண்டே வந்தது. முக்குளிப்பான்! ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான உடம்பிலிருந்து அத்தனை சத்தம். வெளிச்சம் வந்ததும் கழுத்தின் செம்பழுப்பும் வாயோரத்து மஞ்சள் பொட்டும் தெரிந்தன; இனப்பெருக்கக் காலத்துக் கோலம். குறிப்பேட்டை எடுக்கக் குனிந்தேன், முங்கிவிட்டது.

பைனாகுலர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் போதும். பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால், பறவையோடு உங்கள் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

அன்று என்னைக் கட்டிப்போட்டது ஒரு கருவால் மூக்கன், நீண்ட அலகுள்ள கரைப்பறவை. குளிர்காலச் சாம்பல் உடை பாதி, இனப்பெருக்கக் காலச் செங்கல் நிறம் பாதி. வெள்ளையடித்து முடிக்காத சுவர்போல் இருந்தது. கோணி ஊசியால் சாக்குத் தைப்பதுபோல் சேற்றில் அலகைக் குத்திக்கொண்டே நடந்தது. சேற்றுக்குள் வாயை முழுதாகத் திறக்க இடமேது? ஆகவே அந்த அலகின் நுனி மட்டும் தனியாகத் திறக்கும். தொட்டு உணரும் நரம்புகளும் அங்கேதான். புழு தட்டுப்பட்டதும் அது ஒரு கணம் நின்றது, மெல்ல இழுத்தது, தலையை உதறி விழுங்கியது.

ஒவ்வொரு புழுவும் வலசைப் பயணத்தின் வழிச்செலவுக்கான கொழுப்பு. இதன் உறவான பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு, 2022ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. பதினோரு நாள்! கிளம்பும் முன் அந்த இனம் தன் குடலையே சுருக்கிக்கொண்டு பாரத்தைக் குறைக்கிறது. ஒரு நாள் பயணத்துக்கு மூன்று பை கட்டுகிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அப்போது கோரைக்கு மேல் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. பக்கத்திலிருந்தவருக்குக் காட்டுகிற ஆவலில் திறப்புக்கு வெளியே கையை நீட்டிவிட்டேன். பருந்து செய்யாததை என் கை செய்தது. சேற்றில் மேய்ந்த மூக்கன் கூட்டம் மொத்தமும் எழும்பிவிட்டது. இறக்கைகளின் வெள்ளைப் பட்டைகள் பளிச்சிட்டு மறைந்தன. பக்கத்திலிருந்தவர் ஒன்றும் பேசாமல் தேநீர்க் குடுவையைத் திறந்தார்.

இருபது நிமிடம் ஆயிற்று, அவை ஒவ்வொன்றாக இறங்க. பாதிச் சாயம் பூசிய அந்த மூக்கனும் வந்தது. இந்த முறை குடிலிலிருந்து முன்பைவிடப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டது.